மஞ்சள் பையின் எடை

திண்டிவனத்தில் சாலைகள் பிரிகின்றன. சென்னையிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை இந்த ஊரை எட்டியதும் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் இடப்பக்கமும், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் வலப்பக்கமும் திரும்பிக்கொள்கிறார்கள். மற்றவர்கள் நேராக விழுப்புரம் நோக்கிப் போகிறார்கள். ரயிலில் போனால் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நடுவில் நான்கு நிலையங்கள். மொத்தத் தூரம் 40 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். வழியெங்கும் கரும்பு, நெல், மல்லாட்டை என்று இங்கே சொல்லும் நிலக்கடலை. மல்லாட்டைக்கும் திண்டிவனத்துக்கும் பழைய உறவு உண்டு. விவசாயிகள் டி.எம்.வி. என்று சொல்லிக் கேட்டு வாங்கும் ரகங்களின் அந்த மூன்று எழுத்தும் இந்த ஊர்ப் பெயரின் சுருக்கம்தான். இங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்கள் அவை. வயலில் இறங்கி, விதைத்து, எடைபோட்டு, குறித்துவைத்துக் கற்றுக்கொள்ளும் வழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். இந்தச் சிறிய பயணம் முழுக்க ஒரே ஒரு கேள்வியைப் பின்தொடர்கிறது: அதே வழக்கம் ஏன் நம் ஆஸ்பத்திரிகளுக்குள் நுழையவில்லை?

கேள்வியை இன்னும் துல்லியமாக வைக்கலாம். திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. முண்டியம்பாக்கத்தில் 2010-ல் தொடங்கிய விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் பெரிய மருத்துவமனையும் இருக்கின்றன. திண்டிவனத்தில் திரு.ஆ.கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி, விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, இரண்டு ஊரிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகள் என்று படித்து முடித்து வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் ஆண்டுதோறும் வெளியே வருகிறார்கள். அப்ரண்டிஸ், அதாவது பழகுநர், சேர்ப்பதற்குச் சட்டம் இருக்கிறது, உதவித்தொகைக்கு வழி இருக்கிறது. மருத்துவமனை தன் கழிவையும் மின்சாரத்தையும் தண்ணீரையும் மருந்தையும் எப்படிச் செலவழிக்கிறது என்பதை ஓராண்டு முழுக்க உள்ளேயிருந்து கற்றுக்கொள்ளும் ஒரு பழகுநர் இடம் மட்டும் இந்த வழியில் இல்லை. அந்த இடத்தைத் திறக்க வேண்டும் என்பதே என் வாதம். வகுப்பறையில் ஒரு பாடமாகவோ சுவரில் ஒரு சுவரொட்டியாகவோ இது கைகூடாது. வேலை நடக்கும் இடத்தில், வேலை தெரிந்தவர் பக்கத்தில் நின்று பழகினால்தான் வரும்.

வளங்குன்றா வளர்ச்சி என்று நம் பாடநூல்கள் எழுதுகின்றன. நல்ல சொல். ஆனால் வார்டில் நிற்கும் ஒருவருக்கு அந்தச் சொல் எந்தப் பொருளில் வந்து சேர்கிறது என்று பார்த்தால், அது ஒரு பையின் நிறமாக வந்து சேர்கிறது. 2016 மார்ச் மாதம் வந்த உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் ஒவ்வொரு படுக்கையிலிருந்தும் வரும் கழிவை நான்கு நிறத்தில் பிரிக்கச் சொல்கின்றன. ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, உடல் திசு, காலாவதியான மருந்து மஞ்சளுக்கு. ஐ.வி. செட், குளுக்கோஸ் பாட்டில், சிறுநீர்ப் பை, ஊசி நீக்கிய சிரிஞ்சு, கையுறை சிவப்புக்கு. ஊசியும் பிளேடும் குத்த முடியாத வெள்ளை டப்பாவுக்கு. உடைந்த கண்ணாடிக் குப்பிகள் நீலத்துக்கு. மஞ்சள் பை எரியும் உலைக்குப் போகும். சிவப்புப் பை நீராவியில் கிருமி நீக்கப்பட்டு, துண்டாக்கப்பட்டு, பிளாஸ்டிக் மறுசுழற்சிக்குப் போகும். இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரு கணத்தில் ஒரு கை எடுக்கும் முடிவு. காலியான குளுக்கோஸ் பாட்டிலைத் தவறுதலாக மஞ்சளில் போட்டால், மறுபடி பயன்பட வேண்டிய பிளாஸ்டிக் சாம்பலாகிறது. பி.வி.சி. குழாய் போய் விழுந்தால் நிலைமை இன்னும் மோசம்: குளோரின் கலந்த பிளாஸ்டிக் எரியும்போது டயாக்ஸின் போன்ற நச்சு உருவாகும். உலையின் இரண்டாம் அறை 1,050 டிகிரி அளவுக்கு இருக்க வேண்டும், புகை அங்கே குறைந்தது இரண்டு விநாடி தங்க வேண்டும் என்று விதிகள் வற்புறுத்துவதும், குளோரின் கலந்த பைகளையே கைவிடச் சொன்னதும் இதனால்தான். ஒருவர் கை தவறியதன் பின்விளைவு, அந்த வார்டுக்கு ஒருநாளும் வராத வேறு ஊர்க்காரரின் மூச்சில் போய்ச் சேர்கிறது. 75 கிலோமீட்டருக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் ஆஸ்பத்திரி தன் வளாகத்தில் தனியாக ஒன்று அமைக்கக் கூடாது என்பது விதி. ஆகவே பை வண்டியேறிப் போய்விடும். கண்ணில் படாமல் போய்விடும்.

உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் கணக்கு ஒன்று உண்டு. மருத்துவமனைக் கழிவில் சுமார் 85 சதவீதம் சாதாரணக் குப்பை. சாப்பாட்டுப் பொட்டலம், காகிதம், அட்டைப்பெட்டி. ஆபத்தானது மீதி 15 சதவீதம்தான். அந்த 15 தனியாக நின்றால் செலவும் குறைவு, ஆபத்தும் குறைவு. இட்லிப் பொட்டலமும் ரத்தப் பஞ்சும் ஒரே பையில் விழுந்துவிட்டால் நூறும் ஆபத்தானதாகிவிடும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு தராசு வேண்டும், ஒரு நோட்டு வேண்டும், தினமும் பையைத் தூக்கி எடை குறித்து, எந்த வார்டில் மஞ்சள் கனக்கிறது, எந்த ஷிப்டில் கனக்கிறது, ஏன் கனக்கிறது என்று கேட்கும் ஒரு ஆள் வேண்டும். மகப்பேறு வார்டின் மஞ்சள் பை கனப்பதில் நியாயம் உண்டு. வெளிநோயாளர் பிரிவின் மஞ்சள் பையும் அதே அளவு கனத்தால் அங்கே ஏதோ தவறு நடக்கிறது. இந்த வேறுபாட்டைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அதனதன் கணக்கு. முழு ஆண்டும் தேவை, ஏனென்றால் டெங்கு காலத்தின் பை வேறு, கோடையின் பை வேறு.

மயிலம் நிலையத்தில் வண்டி நிற்கும்போது வேறொரு எண் நினைவுக்கு வர வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, 24 மணி நேரத்தில் மயிலத்தில் பதிவான மழை 51 சென்டிமீட்டர். அடுத்த இரு நாளில் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவிலுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. அதாவது, மாவட்டத்தின் பெரிய மருத்துவமனை நிற்கும் ஊருக்கு முந்தைய பாலத்திலேயே சென்னை-விழுப்புரம் தடம் அறுந்தது. ஒரே ஒரு புயலைப் பிடித்துக்கொண்டு இதுதான் காலநிலை மாற்றம் என்று அடித்துச் சொல்வது அறிவியலுக்கு அடுக்காது. ஆனால் கடல் சூடேறச் சூடேற இப்படிப்பட்ட பெருமழைக்கு வாய்ப்புக் கூடுகிறது என்பதில் விஞ்ஞானிகளிடையே பெரிய கருத்துவேறுபாடு இல்லை. அந்தச் சூட்டுக்கு மருத்துவமும் ஒரு காரணம். 'ஹெல்த் கேர் விதவுட் ஹார்ம்' அமைப்பு 2019-ல் வெளியிட்ட கணக்கின்படி உலகின் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் 4.4 சதவீதம் மருத்துவத் துறையிலிருந்து வருகிறது. நோயைத் தீர்க்க வந்த துறை நோய்க்கான சூழலையும் வளர்க்கிறது என்றால், அதைக் கவனிப்பது சிகிச்சையின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

இங்கே முதல் மறுப்பு எழும், எழுவது நியாயமும்கூட. தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் இந்திய மருத்துவத்தின் கரிமச் சுமை அமெரிக்காவின் சுமைக்குப் பக்கத்தில்கூட வராது. படுக்கை போதாமல் தரையில் பாய் விரித்து நோயாளி படுக்கும் நாட்டில், கரிமக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வருவது யாருடைய கவலை? இந்த மறுப்பின் அறப் பக்கத்தை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். பூமியைச் சூடேற்றியவர்கள் முதலில் குறைக்க வேண்டும்; திண்டிவனத்து நோயாளிக்குப் போகும் ஒரு பாட்டில் குளுக்கோஸைக்கூட இதற்காகக் குறைக்கக் கூடாது. ஆனால் கழிவைக் குறைப்பது வேறு, சிகிச்சையைக் குறைப்பது வேறு. அதே 2019 அறிக்கை, மருத்துவத்தின் சுமையில் 71 சதவீதம் மருந்து, கருவி, பொருள் ஆகியவற்றின் உற்பத்தியிலும் போக்குவரத்திலும் உண்டாகிறது என்கிறது. வீணாகும் ஒவ்வொரு மாத்திரை அட்டையும் அரசுப் பணம். ஏழை ஆஸ்பத்திரிக்குத்தான் வீணடிக்கக் கட்டுப்படியாகாது; ஆகவே இந்தக் கணக்கு பணக்கார நாடுகளைவிட நமக்குத்தான் அதிகம் தேவை.

தமிழ்நாடு இதை ஒருமுறை செய்துகாட்டியும் இருக்கிறது. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாகப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் போல ஒரு பாஸ்புக் வைத்தது. எவ்வளவு எடுத்தாய், எவ்வளவு மீதி என்று ஒரு சிறு நோட்டில் தெரிந்தது. பிற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போன ஏற்பாடு அது. அதைச் சுற்றுச்சூழல் திட்டம் என்று அன்று யாரும் அழைக்கவில்லை. என் பார்வையில், இந்த மாநிலத்தில் நடந்த வளங்குன்றா மருத்துவ முயற்சிகளில் மிகப் பெரியது அதுதான். அந்தப் பாஸ்புக்கின் அடுத்த பக்கத்தை எழுதுவதே பழகுநரின் வேலை: கிடங்கிலிருந்து வந்தது வார்டில் என்ன ஆனது, எது காலாவதியானது, எது திறக்காமலே பைக்குப் போனது.

முண்டியம்பாக்கம் கரும்பாலைக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் பெயர் பெற்ற ஊர். நெடுஞ்சாலை ஓரத்திலேயே மருத்துவமனை. சாலை விபத்தில் அடிபட்டவர்கள், பூச்சிமருந்து குடித்தவர்கள், பிரசவ வலியோடு வருகிறவர்கள் என்று மாவட்டத்தின் துயரமெல்லாம் வந்து இறங்கும் இடம். இப்படிப்பட்ட பெரிய மருத்துவமனையில் கண்ணுக்குத் தெரிகிற கழிவைவிடத் தெரியாத கழிவு அதிகம். மயக்க மருந்தாகப் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடு ஓர் எடுத்துக்காட்டு. எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் சுமார் 270 மடங்கு சூடேற்றக்கூடியது அது. ஸ்காட்லாந்தின் லோதியன் பகுதி மருத்துவமனைகளில் ஆராய்ந்தபோது, வாங்கிய வாயுவின் பெரும்பகுதி நோயாளியை எட்டாமலே குழாய்களிலும் இணைப்புகளிலும் கசிந்துபோனது தெரியவந்தது. கண்டுபிடித்த முறை மிக எளியது: எத்தனை சிலிண்டர் வாங்கினோம், அறுவை அரங்கில் உண்மையில் எவ்வளவு கொடுத்தோம் என்று இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வாங்குவது ஸ்டோர்ஸ் பிரிவின் நோட்டில், கொடுப்பது மயக்க மருத்துவரின் குறிப்பில், இரண்டும் சந்திப்பதேயில்லை. பெரிய மருத்துவமனைகளின் வீணடிப்பு பெரும்பாலும் இப்படி இரண்டு நோட்டுகளுக்கு நடுவில்தான் நடக்கிறது. ஒவ்வொரு பிரிவிலும் சில வாரம் உட்கார்ந்து பழகிய ஒருவருக்கே இரண்டு நோட்டும் ஒருசேரக் கண்ணில் படும்.

இந்த இடத்தில் பாதை சற்று விலகிப் புதுச்சேரி பக்கம் போக வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வாதத்தின் வலுவான சான்று அரவிந்த் கண் மருத்துவமனையில் இருக்கிறது. 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அந்த நிறுவனத்துக்குப் புதுச்சேரியில் 2003 முதல் ஒரு பெரிய கிளை உண்டு. விழுப்புரம் மாவட்டத்து முதியவர்கள் பலர் கண்புரைக்காகப் போகும் இடம் அது. அரவிந்தில் நடக்கும் கண்புரை அறுவையை அளந்து 2017-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஓர் அறுவைக்கு உண்டாகும் கழிவு சுமார் 250 கிராம். கரிம வெளியேற்றம் சுமார் 6 கிலோ. அதே அறுவைக்குப் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் முன்பு கணக்கிட்டபோது கிடைத்த எண் 180 கிலோவுக்குக் குறையாதது. இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான சுமையில் அதே அறுவை முடிகிறது. துணிகளையும் கருவிகளையும் கிருமி நீக்கி மறுபடி பயன்படுத்துவது, ஒரு சொட்டு மருந்துக் குப்பியைப் பலருக்குப் பயன்படுத்துவது, ஒரே அரங்கில் இரண்டு மேசை போட்டு நேரத்தையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்துவது, கழிவில் மூன்றில் இரண்டு பங்கை மறுசுழற்சிக்கு அனுப்புவது என்று எல்லாம் சிறு சிறு பழக்கங்கள்.

மறுபயன்பாடு என்றதும் தொற்று பரவாதா என்ற அச்சம் வரும். வர வேண்டிய அச்சம்தான். நோயாளியின் கண்ணோடு விளையாட யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அறுவைக்குப் பின் கண்ணுக்குள் வரும் தொற்றின் விகிதத்தில் அரவிந்த் மேலைநாட்டு மருத்துவமனைகளுக்கு ஈடாகவோ அவற்றைவிடக் குறைவாகவோ நிற்பதைப் பல லட்சம் அறுவைகளின் பதிவுகள் காட்டுகின்றன. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறிவதே பாதுகாப்பு என்ற நம்பிக்கைக்கு அங்கே சான்று கிடைக்கவில்லை. பாதுகாப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், கைகளிலிருந்து வருகிறது. அரவிந்தின் முதுகெலும்பு, பிளஸ் டூ முடித்த கையோடு கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, உதவித்தொகையோடு இரண்டாண்டு மருத்துவமனைக்குள்ளேயே பயிற்சி பெறும் பெண்கள். நோயாளிகள் அவர்களை சிஸ்டர் என்றே அழைக்கிறார்கள். பார்வை அளப்பது முதல் அறுவை அரங்கில் துணைநிற்பது வரை மூத்தவர் பக்கத்தில் நின்று ஆயிரம் முறை செய்து கற்றவர்கள். பெயர் எதுவாக இருந்தாலும் அது பழகுநர் முறைதான். சிக்கனமும் தூய்மையும் தனித்தனிப் பாடங்களாக அங்கே சொல்லித்தரப்படவில்லை. வேலையைச் சரியாகச் செய்வதன் இரண்டு முகங்களாகக் கைக்கு வந்தன.

கண் மருத்துவமனையை முண்டியம்பாக்கத்தோடு ஒப்பிடலாமா? முழுக்க முடியாது. கண்புரை அறுவை குறுகியது, ஒரே மாதிரியானது, ரத்தம் குறைவு. நள்ளிரவில் லாரி மோதி வந்தவருக்கு அவசரப் பிரிவில் கட்டுப் போடும் நேரத்தில் பையின் நிறத்தை யோசிக்க யாருக்கும் பொழுது இருக்காது. அதனால் அரவிந்தின் எண்களை அப்படியே எதிர்பார்ப்பது அறியாமை. எடுத்துக்கொள்ள வேண்டியது முறையை: அளப்பது, பழக்குவது, மறுபடி அளப்பது. அவசரப் பிரிவில் மாற்ற முடியாவிட்டால் டயாலிசிஸ் பிரிவில் தொடங்கலாம், ஆய்வகத்தில் தொடங்கலாம், சமையற்கூடத்தில் தொடங்கலாம். எங்கே தொடங்குவது என்று சொல்லவும் முதலில் எடைபோட்ட நோட்டுத்தான் வேண்டும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. தொழிற்பழகுநர் சட்டம் 1961-ல் வந்தது. 2014 திருத்தத்துக்குப் பிறகு பட்டியலில் இல்லாத தொழில்களுக்கும் நிறுவனங்களே பயிற்சி வகுத்துக்கொள்ளலாம், கலை அறிவியல் பட்டதாரிகளும் சேரலாம். 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைச் சேர்க்க வேண்டும் என்பது விதி. 2019 விதிகளின்படி பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய். தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின் கீழ் மத்திய அரசு அதில் மாதம் 1,500 வரை தருகிறது. 400 பேர் வேலை செய்யும் ஒரு மருத்துவமனைக்குக் குறைந்தபட்சமே பத்து இடம் வரும். அந்தப் பத்தில் இரண்டை இதற்கு ஒதுக்கினால் அந்தக் கணக்கில் ஆண்டுச் செலவு 2,16,000 ரூபாய். மத்திய அரசின் பங்கு போக இன்னும் குறைவு. இதைப் பெரிய செலவு என்று எந்த நிர்வாகமும் மனமறிந்து சொல்ல முடியாது.

கனமான மறுப்பு இனிமேல்தான். நம் சமூகத்தில் குப்பையைத் தொடுவது யார் தலையில் விழுந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். பழகுநர் என்ற அழகான பெயரில், படித்த ஏழைப் பிள்ளைகளைக் குறைந்த கூலிக்குக் கழிவு அள்ள வைப்பதில் இது போய் முடியாதா? ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருக்கும் தூய்மைப் பணியாளரின் இடத்தை மலிவாக நிரப்பும் தந்திரமாகிவிடாதா? இந்த அச்சத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஏற்பாட்டைக் கவனமின்றி வகுத்தால் அப்படித்தான் முடியும். எனவே சில நிபந்தனைகள் இல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது. தூய்மைப் பணியாளரின் எண்ணிக்கையில் ஒருவர்கூடக் குறையக் கூடாது. பழகுநரின் வேலை அளப்பது, பதிவது, காரணம் தேடுவது, மாற்றத்தைச் சொல்வது என்று எழுத்தில் இருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி கழிவைக் கையாளும் எல்லோருக்கும் போட வேண்டும் என்று 2016 விதிகள் சொல்வதை முதல் நாளே நிறைவேற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பழகுநருக்கு ஆசான் யார் என்பது முக்கியம். பதினைந்து ஆண்டாகப் பை கட்டும் ஒரு தூய்மைப் பணியாளர், எந்த வார்டில் எந்நேரம் ஊசி தவறான பையில் வந்து குத்தும் என்பதை எந்த அதிகாரியைவிடவும் நன்றாக அறிவார். அந்த அறிவுக்கு இதுவரை பெயரும் இல்லை, சம்பளமும் இல்லை. அவரை ஆசானாக அமர்த்தி, அதற்கென்று ஊதியம் கொடுத்து, முன்பே கற்ற திறனுக்குச் சான்று வழங்கும் அரசின் ஏற்பாட்டில் அவருக்கும் ஒரு சான்றிதழ் தர வேண்டும். பட்டதாரிப் பிள்ளை அவரை அண்ணே என்றும் அக்கா என்றும் கூப்பிட்டுக் கேட்டுக் கற்கும் நாளில், சாதி போட்டுவைத்த ஒரு கோடு சற்றாவது அழியும்.

தொற்றுத் தடுப்புச் செவிலியர் இருக்கிறாரே, காயகல்ப் குழு இருக்கிறதே, இன்னொரு ஆள் எதற்கு என்றும் கேட்கலாம். 2015-ல் தொடங்கிய காயகல்ப் விருது அரசு மருத்துவமனைகளின் தூய்மையிலும் கழிவு மேலாண்மையிலும் உண்மையான மாற்றம் கொண்டுவந்த திட்டம். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மதிப்பீட்டுக் குழு வருவது ஆண்டில் சில நாள். மீதி நாள்களில் செவிலியர் கையில் ஒரே நேரத்தில் முப்பது நோயாளி. சேரும்போதும் பிறகு ஆண்டுக்கொரு முறையும் எல்லோருக்கும் பயிற்சி தர வேண்டும் என்று விதி சொல்கிறது. ஒரு மணி நேர வகுப்பும் வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்துமாக அது முடிந்துவிடும்போது, மறுநாள் காலை பை பழையபடியே கட்டப்படும். மேற்பார்வையிட ஆளில்லை என்பது இங்கே குறையில்லை. எண்ணுவதையே தன் வேலையாகக் கொண்ட ஆள் இல்லாததுதான் குறை. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை, தன் நேரடி வெளியேற்றத்தை 2040-க்குள் நிகர பூஜ்யமாக்குவதாக 2020 அக்டோபரில் அறிவித்தது. அந்நாட்டில் நிறுவனப் பொறுப்புக்கும் வளங்குன்றாமைக்கும் என்றே பழகுநர் பயிற்சித் தரம் ஒன்று வகுக்கப்பட்டிருக்கிறது. பணமும் பதவிகளும் நிறைந்த அமைப்புக்கே தனி ஆளைப் பழக்கி எடுக்க வேண்டியிருந்தது.

வண்டி விழுப்புரம் சந்திப்பில் நுழைகிறது. திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி, சென்னை என்று ஐந்து திசைக்கும் தடம் பிரியும் இந்த ஊரில், பழகுநர் முறை எப்படி இருக்கும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டம் பட்டயம் படித்தவர்களையும் பட்டதாரிகளையும் அப்ரண்டிஸாகச் சேர்க்கிறது. சுற்றுவட்டாரத்தில் அப்ரண்டிஸ் என்றாலே பலருக்கு நினைவு வருவது பணிமனைதான். அங்கே ஒவ்வொரு பேருந்துக்கும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கணக்கு உண்டு. டீசல் கூடினால் காரணம் கேட்பார்கள்: டயரில் காற்றா, இன்ஜினா, ஓட்டும் முறையா? கேட்கிறவருக்கும் பதில் சொல்கிறவருக்கும் அது இயல்பான பேச்சு. ஒரு லிட்டர் டீசலுக்குக் காட்டும் இந்தக் கவனத்தை ஒரு மருத்துவமனை தன் ஜெனரேட்டருக்கும் ஆக்சிஜனுக்கும் மஞ்சள் பைக்கும் காட்ட முடியாது என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. பேருந்துக்கு முடிந்தது படுக்கைக்கும் முடியும்.

ஓராண்டு முடிந்த பிறகு வேலை கிடைக்குமா என்பது கடைசிக் கேள்வி, பிள்ளையைப் பெற்றவர்கள் முதலில் கேட்கும் கேள்வி. பழகுநர் சட்டம் வேலைக்கு உறுதி தரவில்லை. அதை மறைக்கக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் இப்படியொரு பணியிடமும் இன்று இல்லை. ஆனால் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் படுக்கை எண்ணிக்கை பாராமல் எல்லா மருத்துவமனைக்கும் கிளினிக்குக்கும் ஆய்வகத்துக்கும் பொருந்தும். பைகளுக்கு பார்கோடு, ஆண்டறிக்கை, விபத்துப் பதிவு என்று எழுத வேண்டியவை ஏராளம். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் புதுச்சேரியிலும் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கு இவற்றை அறிந்த ஆள் தேவை. அதற்கு மேல், பணியிடம் முதலில் உண்டாகிப் பிறகு ஆள் பழகுவது எப்போதும் நடப்பதில்லை. அரவிந்தின் சிஸ்டர்கள் பழகிய பிறகே அந்த வேலைக்கு ஒரு வடிவம் கிடைத்தது.

முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி முதல்வருக்கும், திண்டிவனம் அரசு மருத்துவமனையின் தலைமை மருத்துவருக்கும், மாவட்ட ஆட்சியருக்கும் வைக்க வேண்டிய வேண்டுகோள் சிறியது. அடுத்த கல்வியாண்டு முடிந்து பிள்ளைகள் வெளியே வரும்போது, திண்டிவனத்தில் இரண்டு, முண்டியம்பாக்கத்தில் இரண்டு என்று நான்கு பழகுநர் இடங்களை அறிவியுங்கள். தூய்மைப் பணியாளர் இருவரை ஆசானாக அமர்த்துங்கள். ஒரு தராசும் ஒரு நோட்டும் வாங்கிக் கொடுங்கள். ஓராண்டு கழித்து அந்த நோட்டை மக்கள் முன் வையுங்கள்; எடை குறைந்திருந்தாலும் குறையாவிட்டாலும் வையுங்கள்.